ஆபீஸ் கணினியில் யார், எதை இன்ஸ்டால் செய்தார்?

கணினிக் கேள்வி-பதில்

கேள்வி: பனியன் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். ஆபீஸ் கணினிகளும் என் பொறுப்புதான். எல்லாம் விண்டோஸ் புரோ. டிஜிட்டல் கையொப்பம் இல்லாத மென்பொருளை யாராவது ஏற்றினால் தெரிய வேண்டும் என்று பவர்ஷெல் ஸ்கிரிப்ட் பிளாக் லாகிங்கை ஆன் செய்தேன். போன வாரம் ஒருவர் என் கண்ணெதிரே ஒரு வீடியோ கன்வெர்ட்டரைப் போட்டார். லாகில் ஒரு வரிகூட இல்லையே? (வாசகர், திருப்பூர்)

பதில்: லாகிங் சரியாகத்தான் இருக்கிறது. அது பவர்ஷெல்லை, அதாவது கட்டளைகளையும் ஸ்கிரிப்டுகளையும் ஓட்டும் விண்டோஸ் கருவியை மட்டும்தான் கவனிக்கும். உங்கள் ஊழியர் செட்டப் ஃபைலை டபுள் கிளிக் செய்திருப்பார். அதில் பவர்ஷெல்லுக்கு வேலையே இல்லை, அப்புறம் எதை எழுதும்?

அதற்காக ஆஃப் செய்துவிடாதீர்கள். டபுள் கிளிக்கில் வருகிற கன்வெர்ட்டரைவிட எனக்குப் பயம் ஸ்கிரிப்ட் வழியாக வருவதுதான். 2024-லிருந்து கிளிக்ஃபிக்ஸ் என்ற மோசடி பரவிவருகிறது. ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்தால், 'நீங்கள் மனிதர்தானா' என்று கேட்கும். பெட்டியை டிக் செய்ததும் விண்டோஸ் பட்டனோடு ஆர், பிறகு கன்ட்ரோல் வி, பிறகு என்டர் என்று அழுத்தச் சொல்லும். அதற்குள் அந்தப் பக்கம் ஒரு பவர்ஷெல் கட்டளையைக் கிளிப்போர்டில் வைத்திருக்கும். ஊழியர் தன் கையாலேயே அதை ஒட்டி ஓட்டிவிடுவார். திரையில் எதுவும் தெரியாது. லாகில் தெரியும்.

விண்டோஸின் பதிவுகளைக் காட்டும் இவென்ட் வியூவரில் அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், பவர்ஷெல், ஆப்பரேஷனல் என்று வரிசையாகத் திறந்து, 4104 என்ற எண்ணை மட்டும் வடிகட்டுங்கள். ஒரு பதிவைத் திறந்தால் மேலே 'கிரியேட்டிங் ஸ்கிரிப்ட்பிளாக் டெக்ஸ்ட் (1 ஆஃப் 1)' என்று இருக்கும். ஸ்கிரிப்ட் நீளமாக இருந்தால் 1 ஆஃப் 3, 2 ஆஃப் 3 என்று துண்டு துண்டாகக் கிடக்கும், சேர்த்துத்தான் படிக்க வேண்டும். அதன்கீழ் ஓடிய ஸ்கிரிப்ட் அப்படியே இருக்கும். கட்டளையைப் புரியாத எழுத்துக் குவியலாக மறைத்து அனுப்பியிருந்தாலும், ஓடும்போது அது பிரிந்துதானே ஆக வேண்டும்? பிரிந்த வடிவமும் அங்கே பதிவாகும்.

நான் முதலில் பார்ப்பது கடைசி வரியைத்தான். அங்கே 'பாத்' என்று இருக்கும். ஒரு ஃபைலிலிருந்து ஓடிய ஸ்கிரிப்ட் என்றால் அந்த ஃபைல் இருக்கும் இடம் வரும். காலியாக இருந்தால், யாரோ ஒட்டியிருக்கிறார்கள், அல்லது வேறொரு புரோகிராம் நேரடியாகக் கட்டளை கொடுத்திருக்கிறது. காலியான பாத், உள்ளே இன்வோக்-வெப்ரிக்வெஸ்ட், அதற்கு அடுத்து ஸ்டார்ட்-பிராசஸ்: எங்கிருந்தோ இறக்கி உடனே ஓட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த நேரத்தையும் பயனர் பெயரையும் குறித்துக்கொண்டு, கணினியை நெட்வொர்க்கிலிருந்து கழற்றிவிட்டு, அப்புறம் ஆளிடம் பேசுங்கள். முதலில் திட்டினீர்கள் என்றால் அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

இனி உங்கள் கன்வெர்ட்டருக்கு வருவோம். அது எம்எஸ்ஐ (விண்டோஸ் இன்ஸ்டாலர்) ஃபைலாக இருந்திருந்தால் அப்ளிகேஷன் லாகில் எம்எஸ்ஐ-இன்ஸ்டாலர் என்ற பெயரில் 1033 என்ற பதிவு விழுந்திருக்கும். மென்பொருளின் பெயர், பதிப்பு, தயாரிப்பாளர் மூன்றும் அதில் கிடைக்கும். இஎக்ஸ்இ என்றால் அந்த உத்தரவாதம் இல்லை. அதற்கு, எந்தப் புரோகிராம் ஓடலாம் என்று விதி போடும் ஆப்லாக்கர் விண்டோஸிலேயே இருக்கிறது, இப்போது புரோ பதிப்பிலும் வேலை செய்கிறது. எந்த நிறுவனத்துடையதானாலும் கையொப்பம் இருந்தால் போதும் என்று ஒரு விதி, விண்டோஸ் ஃபோல்டருக்கு ஒரு விதி. இவற்றைப் போட்டு, தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும் ஆடிட் முறையில் வையுங்கள். அப்ளிகேஷன் ஐடென்டிட்டி சர்வீஸ் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கையொப்பமில்லாத இஎக்ஸ்இ ஓடும்போதெல்லாம் 8003 என்று எழுதி வைக்கும். எடுத்த எடுப்பில் தடுப்பு முறைக்குப் போகாதீர்கள். திங்கட்கிழமை காலை பில்லிங் நின்றுபோனால் முதலாளி உங்களைத்தான் கூப்பிடுவார்.

இதோடு இரவில் ஓடும் ஒரு சின்ன ஸ்கிரிப்டும் வையுங்கள். பவர்ஷெல்லின் கெட்-ஆத்தென்டிகோட்சிக்னேச்சர் ஒவ்வொரு ஃபைலுக்கும் அதன் நிலையைச் சொல்லும். 'நாட்சைன்ட்' என்றால் கையொப்பம் இல்லை. 'ஹேஷ்மிஸ்மேச்' என்றால் கையொப்பம் போட்ட பிறகு ஃபைல் மாறியிருக்கிறது, அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். புரோகிராம் ஃபைல்ஸோடு நிறுத்திவிடாமல் ஒவ்வொரு பயனரின் ஆப்டேட்டா ஃபோல்டரையும் பாருங்கள். அட்மின் பாஸ்வேர்டு கேட்காமல் ஏறுகிற மென்பொருளெல்லாம் அங்கேதான் குடியிருக்கும். இன்ஸ்டால் ஆனவற்றின் பட்டியலுக்கு வின்32-புராடக்ட்டைக் கேட்கும் வழி பல இடங்களில் எழுதியிருக்கும், அது வேண்டாம். பட்டியல் கேட்டால் ஒவ்வொரு எம்எஸ்ஐ மென்பொருளையும் சரிபார்க்கவே ஆரம்பித்துவிடும்.

கேள்வி: எங்கள் பில்லிங் மென்பொருளை உள்ளூரில் ஒருவர் எழுதித் தருகிறார். கையொப்பம் கிடையாது. அப்டேட் செய்யும்போதெல்லாம் விண்டோஸ் நீலப் பெட்டி போட்டுப் பயமுறுத்துகிறது. நீக்கிவிடலாமா? (வாசகர், ஈரோடு)

பதில்: நீக்க வேண்டாம். ஜிஎஸ்டி தாக்கலுக்கு உங்கள் ஆடிட்டர் டிஎஸ்சி டோக்கன் செருகுகிறார் அல்லவா, மென்பொருள் கையொப்பமும் அதே ஜாதிதான். இது யாருடையது, வழியில் யாரும் கை வைத்தார்களா என்ற இரண்டுக்கு மட்டுமே பதில் சொல்லும். உள்ளே இருப்பது நல்லதா கெட்டதா என்பது அதன் வேலை இல்லை. 2023 ஜூன் முதல் இந்தக் கையொப்பத்தின் ரகசியச் சாவியையும் டோக்கன் போன்ற வன்பொருளில்தான் வைத்திருக்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது. தனியாளாக எழுதுபவருக்கு அது செலவும் தொல்லையும்தான்.

ஒவ்வொரு அப்டேட்டோடும் ஃபைலின் எஸ்ஹெச்ஏ-256 எண்ணை (ஃபைலின் கைரேகை மாதிரி, ஃபைல் மாறினால் இதுவும் மாறும்) அவரிடமிருந்து வாங்குங்கள். ஃபைல் வந்த அதே மெயிலில் வேண்டாம், போனில் சொல்லட்டும். முழுதும் படிக்கச் சொன்னால் அழுதுவிடுவார், முதல் எட்டும் கடைசி எட்டும் போதும். கெட்-ஃபைல்ஹேஷ் போட்டு ஒப்பிட்டு, ஆப்லாக்கரில் அந்த ஃபைலையே காட்டி ஹேஷ் விதியாக அனுமதி சேர்த்துவிட்டால் (ஆப்லாக்கர் தன் ஹேஷைத் தானே கணக்கிடும், கெட்-ஃபைல்ஹேஷ் தரும் எண் அங்கே பொருந்தாது) எச்சரிக்கைப் பட்டியலில் அது திரும்பத் திரும்ப வராது.

கேள்வி: அப்படியானால் கையொப்பம் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போடலாமா? (கல்லூரி ஆய்வக உதவியாளர், மதுரை)

பதில்: கூடாது. 2017-ல் கணினியைச் சுத்தம் செய்யும் சிசிளீனர் மென்பொருளின் 5.33 பதிப்பு, தயாரிப்பாளரின் செல்லுபடியாகும் கையொப்பத்தோடே, உள்ளே தீநிரலையும் சுமந்து வந்தது. தயாரிக்கும் இடத்திலேயே புகுந்துவிட்டார்கள். 2010-ல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரலிலும் ரியல்டெக் நிறுவனத்தின் சான்றிதழைப் பயன்படுத்தியிருந்தார்கள்.

கேள்வி: எங்கள் ஆபீஸில் ஸ்கிரிப்ட் லாகிங் போட்டிருக்கிறார்களாம். நான் டைப் செய்யும் வாட்ஸ்அப்பும் பேங்க் பாஸ்வேர்டும் தெரிந்துவிடுமா? (பெயர் வேண்டாம் என்கிறார், சென்னை)

பதில்: இந்த லாகிங்கில் தெரியாது. பிரவுசரில் டைப் செய்வது பவர்ஷெல்லுக்குப் போவதில்லை. ஆனால் யாராவது ஸ்கிரிப்டுக்குள்ளேயே பாஸ்வேர்டை எழுதி வைத்திருந்தால் அது 4104-ல் பச்சையாகப் பதிவாகும். அந்த வழக்கம் உள்ளவர்கள் பெரும்பாலும் சிஸ்டம் அட்மின்கள்தான். உங்கள் ஆபீஸ் வேறு கண்காணிப்பு மென்பொருளும் போட்டிருக்கிறதா என்பதை எச்ஆரிடம் எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் பழைய பதிவுகள் இல்லை. யாரோ அழிக்கிறார்களோ? (வாசகர், கோவை)

பதில்: பெரும்பாலும் இடம் போதாமல்தான். அந்த லாகின் அளவு வழக்கமாக 15 எம்பி. நிறைந்ததும் பழையதன் மேல் புதியதை எழுதிவிடும். பிராப்பர்ட்டீஸில் போய் 500 எம்பி ஆக்குங்கள். யாராவது அழித்திருந்தால் சிஸ்டம் லாகில் 104 என்ற பதிவு, அழித்தவர் பெயரோடு இருக்கும்.