400 கி.மீ. தூரத்துக்கு விமானத்தில் அரை மணி நேரம்தானே ஆக வேண்டும்? டிக்கெட்டில் ஏன் 1 மணி 20 நிமிடம் என்று போட்டிருக்கிறது?

எனக்கும் ஒரு காலத்தில் இந்தக் கணக்கு உதைத்தது. 400 கி.மீ. தூரம், மணிக்கு 800 கி.மீ. வேகம், அப்படியானால் அரை மணி நேரம். ஆனால் 800 என்பது ஜெட் விமானம் உயரத்துக்குப் போன பிறகு எட்டும் வேகம். ஓடுபாதை குட்டையான சிறிய நிலையங்களுக்குப் பல இடங்களில் ஏடிஆர் 72 மாதிரி விசிறி வைத்த விமானங்கள்தான் போகின்றன. அவை மணிக்குச் சுமார் 500 கி.மீ. போகும். பறப்பதற்கே 48 நிமிடம் போய்விட்டதா?

அப்புறம், டிக்கெட்டில் இருப்பது வெறும் பறக்கும் நேரம் அல்ல. நிற்கிற இடத்திலிருந்து விமானம் நகரத் தொடங்குவது முதல், போய்ச் சேர்ந்த இடத்தில் நின்று சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைப்பது வரை எல்லாம் சேர்த்தி. பிளாக் டைம் என்பார்கள்.

நான் அடிக்கடி போகும் ஒரு சின்ன நிலையத்தில் ஓடுபாதையை ஒட்டி முழு நீளத்துக்கும் டாக்ஸிவே, அதாவது விமானம் ஊர்ந்து போகும் பக்கப் பாதை, கிடையாது. விமானம் ஓடுபாதை மேலேயே கடைசி வரை ஊர்ந்து போய், அங்கே அரைவட்டம் அடித்துத் திரும்பி நின்று, பிறகுதான் வேகமெடுக்கும். முதல் தடவை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த நான், ஏதோ கோளாறு, திரும்பப் போகிறோம் என்றே நினைத்தேன். அந்த நேரத்தில் இன்னொரு விமானம் இறங்க வந்தால் அது மேலே வட்டமடிக்க வேண்டியதுதான்.

காற்றை எதிர்த்துத்தான் மேலே ஏற வேண்டும். தெற்கே போக வேண்டிய விமானம் வடக்கே கிளம்பி வளைந்து வருவது சாதாரணம். 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட், அதாவது மணிக்குச் சுமார் 463 கி.மீ. தான் உச்சவரம்பு. குறைந்த தூரத்தில் ஏறி முடித்த கொஞ்ச நேரத்திலேயே இறங்க ஆரம்பிக்க வேண்டும். ஜெட் தன் முழு வேகத்தைக் காட்ட இடமே இல்லை.

நான் போடும் குத்துமதிப்பு: தூரத்தை ஜெட் என்றால் 800 ஆலும், விசிறி விமானம் என்றால் 500 ஆலும் வகுத்து, மேலே அரை மணி நேரம் சேர்ப்பேன். 400 கி.மீ.க்கு ஜெட்டில் 1 மணி, ஏடிஆரில் 1 மணி 18 நிமிடம். இவ்வளவு வேக வித்தியாசத்துக்கும் மிச்சம் 18 நிமிடம்தான். உங்கள் டிக்கெட் சரியாகத்தான் சொல்கிறது.

தூரம் காட்டும் தளங்களில் இன்னொன்றையும் கவனியுங்கள். எந்த இரண்டு நிலையங்களைக் கொடுத்தாலும் நேர்கோட்டுத் தூரத்தை வகுத்து ஒரு நேரம் சொல்லிவிடும். நேரடி விமானம் இருக்கிறதா என்று பார்க்காது. அப்படி வந்த 55 நிமிடத்தை நம்பி மதியம் ஒரு சந்திப்புக்கு ஒப்புக்கொண்டேன். டிக்கெட் தேடும்போதுதான் தெரிந்தது, எதிர்த் திசையில் இருக்கும் பெருநகரத்துக்குப் போய் விமானம் மாற வேண்டுமாம். கடைசியில் முந்தின நாள் ராத்திரி ரயில் ஏறினேன்.