வேகமான ரிசீவர் அணி மாறினால்: மியாமிக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

மியாமிக்கு வந்து ஆறு மாதங்கள் ஆகின்றன என்றும், அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரம் முழுவதும் அமெரிக்கக் கால்பந்துப் பேச்சுத்தான் என்றும், அதிவேகமாக ஓடும் ரிசீவர் (எறியப்படும் பந்தை ஓடிப் பிடிப்பவர்) ஒருவர் அணி மாறினால் புதிய ஆட்டமுறையில் பழையபடி சோபிப்பாரா என்று அவர்கள் வாதாடுவது உங்களுக்குப் பிடிபடவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். 1999 முதல் இந்த ஊரில் இருந்துகொண்டு மியாமியின் டால்ஃபின்ஸ் அணியின் ஆட்டங்களைப் பார்த்து வருகிறேன். என் பதில்: சோபிக்க முடியும், ஆனால் அது அவருடைய கால்களை மட்டும் பொறுத்ததல்ல.

ரிசீவர் தன் விருப்பப்படி ஓடுவதில்லை. எத்தனை யார்டு (ஒரு யார்டு மூன்று அடி) நேராக ஓட வேண்டும், எந்த அடியில் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் முன்பே வகுக்கப்பட்டிருக்கும். அவர் திரும்பி முடிப்பதற்குள் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறியும் ஆட்டக்காரர், பெரும்பாலும் பந்தை எறிந்திருப்பார். முழு வேகத்தில் ஓடும் வீரர் ஒரு நொடியில் ஏறத்தாழ பத்து யார்டு கடக்கிறார் என்றால், எறிபவர் அரை நொடி தாமதித்தாலும் ஐந்து யார்டு பிசகிவிடும். ஆகவே, ஆள் எவ்வளவு வேகமோ அவ்வளவுக்குப் பிசகும் பெரிதாகிறது.

இதை நான் கண்ணெதிரே பார்த்தது 2013-இல். பிட்ஸ்பர்க் அணியில் பெயர் வாங்கியிருந்த வேகமான ரிசீவர் மைக் வாலஸை ஐந்து ஆண்டுகளுக்கு 6 கோடி டாலர் ஒப்பந்தத்தில் இங்கே கொண்டு வந்தார்கள். அரங்கில் உட்கார்ந்திருந்தபோது ஒரு காட்சி: அவர் தடுப்பாளரைப் பின்னால் விட்டுவிட்டுப் பாய்கிறார், பந்தோ குட்டையாக வந்து விழப்போகிறது, அவர் வேகத்தைக் கொன்று நின்று, திரும்பி, பந்துக்காகப் பின்னோக்கி வருகிறார், அதற்குள் தடுப்பாளர் வந்து சேர்ந்துவிடுகிறார். அந்தப் பருவத்தில் இதுபோலப் பல முறை நடந்தது. 73 பந்துகளைப் பிடித்து அணியை 930 யார்டு முன்னேற்றினார். கொடுத்த பணத்துக்கு அது போதவில்லை. அவரையும் குவார்ட்டர்பேக் ரயன் டானஹில்லையும் எங்கள் ஊரே மாறி மாறித் திட்டியது. இருவரில் யாரையும் தனியாகக் குற்றம் சொல்வது நியாயமில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். 2015-இல் வாலஸ் மினசோட்டாவுக்கு அனுப்பப்பட்டார்.

அந்த ஏமாற்றம் மனத்தில் இருந்ததால், 2022 மார்ச்சில் கேன்சஸ் சிட்டியிடம் ஐந்து டிராஃப்ட் தேர்வுகளை (புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமைகளை) கொடுத்து, வேகத்துக்குப் பெயர்போன ரிசீவர் டைரீக் ஹில்லை வாங்கியபோது எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அங்கே குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸின் கை பலத்தில் வளர்ந்தவர், அவ்வளவு தூரம் எறியாத எங்கள் குவார்ட்டர்பேக் டுவா டாகொவைலோவாவுடன் என்ன செய்வார் என்பதே எல்லோருடைய கேள்வியும். அந்த ஆண்டுதான் பொறுப்பேற்ற பயிற்சியாளர் மைக் மெக்டேனியல், ஹில்லை எப்போதும் நீளப் பந்துக்கே ஓடவிடாமல், களத்தின் நடுவே தடுப்பாளர்களுக்கு இடையில் திறக்கும் இடைவெளிகளுக்கு அனுப்பினார். டுவாவின் பலம் நீளமாக எறிவதில் இல்லை. சட்டென்று, குறி தவறாமல் விடுவதில் இருந்தது. இரண்டும் பொருந்தின. முதல் பருவத்திலேயே 119 பந்துகள், 1,710 யார்டு. கேன்சஸ் சிட்டியில்கூட அவர் ஒரு பருவத்தில் அத்தனை எடுத்ததில்லை. அடுத்த ஆண்டு 1,799 யார்டுடன் லீக்கிலேயே முதலிடம்.

2023-இல் அவர்கள் செய்த ஒன்றை நீங்கள் பழைய காணொளிகளில் அவசியம் பார்க்க வேண்டும். பந்து ஆட்டத்துக்கு வருவதற்குச் சற்று முன், ஹில் பக்கவாட்டில் வெளிப்புறமாகச் சில அடிகள் ஓடத் தொடங்கிவிடுவார். அந்தக் கணத்தில் முன்னோக்கி நகராதவரை விதி ஒருவரை இப்படி ஓட அனுமதிக்கிறது. எதிரே நிற்பவர் கை வைத்துத் தடுப்பது கடினம்; ஹில்லோ நின்ற நிலையிலிருந்து அல்லாமல் ஓட்டத்திலேயே புறப்படுவார்.

வீரரின் பங்கும் சிறிதல்ல. அந்நாளைய நியூ இங்கிலாந்து அணியின் முறையில், தடுப்பாட்டத்தின் அமைப்பைப் படித்து ஓடும் பாதையை ரிசீவர் அந்தக் கணமே மாற்ற வேண்டியிருந்தது. குவார்ட்டர்பேக்கும் அதையே படித்திருப்பார். சின்சினாட்டியில் ஏழு பருவங்களில் ஆயிரம் யார்டு கடந்த சாட் ஓச்சோசிங்கோ 2011-இல் அங்கே போய் 15 பந்துகள் மட்டுமே பிடித்தார். 2017-இல் அதே அணிக்கு வந்த பிராண்டின் குக்ஸ் 1,082 யார்டு எடுத்தார். நியூ ஆர்லியன்ஸ், நியூ இங்கிலாந்து, லாஸ் ஏஞ்சலஸ், ஹியூஸ்டன் என நான்கு அணிகளில் ஆயிரம் கடந்தவர் அவர். ஒவ்வோர் இடத்திலும் புதிய பெயர்கள், புதிய சைகைகள், வேறொரு கையிலிருந்து வரும் பந்து. நான் மிகவும் மதிக்கும் ஆட்டக்காரர்.

தொலைக்காட்சியில் இவையெல்லாம் சரியாகத் தெரியாது, ஏனென்றால் கேமரா பந்தின் பின்னாலேயே போய்விடும். செப்டம்பரில் பருவம் தொடங்கியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னுடன் அரங்குக்கு வாருங்கள். மேல் அடுக்கில், முழுக் களமும் தெரியும் இடமாகப் பார்த்து உட்காரலாம். வெயில் கடுமையாக இருக்கும், தொப்பியை மறந்துவிடாதீர்கள்.