பயிரைக் கண்காணிக்கும் ரோபோ நோயைச் சரியாகக் கண்டுபிடிக்குமா? ட்ரோன் இருக்கும்போது அது எதற்கு?

ஒரு சோதனை வயலில், மக்காச்சோள வரிசைகளுக்கு நடுவே ஓடும் சின்ன ரோபோவின் பின்னாலேயே இரண்டு பருவம் நடந்திருக்கிறேன். அது எடுக்கும் படங்களில் எது நோய், எது சத்துக் குறைவு, எது வெறும் மண் என்று பிரித்துக் குறிப்பது என் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் ட்ரோன். முழு வயலையும் சில நிமிடங்களில் சுற்றி வந்துவிடும், அதில் அதை மிஞ்ச முடியாது. ஆனால் பயிர் ஆளுயரம் வந்துவிட்டால் மேலேயிருந்து தெரிவது உச்சி இலைகள்தான். தழைச்சத்து (நைட்ரஜன்) குறைந்தால் செடி அடி இலையில் இருப்பதை எடுத்துக் கொழுந்துக்கு அனுப்பிவிடும். அதனால் மஞ்சள் முதலில் கீழேதான் விழும்; மக்காச்சோளத்தில் நுனியில் தொடங்கி நடுநரம்பை ஒட்டி ஆப்பு மாதிரி உள்ளே இறங்கும். ஓரம் மட்டும் கருகினால் சாம்பல் சத்துக் (பொட்டாசியம்) குறைவைச் சந்தேகிக்கலாம். இதெல்லாம் உச்சியிலிருந்து தெரிவதற்குள் நாள் கடந்திருக்கும். இலைக்கு அடியில் ஒண்டியிருக்கும் செஞ்சிலந்தி, வெள்ளை ஈ கதையும் அதேதான். யாராவது குனிந்து பார்க்க வேண்டும். ரோபோ செய்வது அந்தக் குனிகிற வேலை.

அடர்ந்த தோகைகளுக்குக் கீழே ஜிபிஎஸ்ஸை நம்ப முடியாது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவான டெர்ராசென்டியா போன்ற ரோபோக்கள் லைடார் (லேசர் ஒளியை வீசித் தூரம் அளக்கும் கருவி), கேமரா மூலம் இரண்டு பக்கத் தண்டுகளையும் பார்த்தே வழி பிடிக்கும். எங்கள் வண்டியும் அந்த ரகம்தான். ஒரு தோகை குறுக்கே தொங்கினால் சுவர் என்று நினைத்து நின்றுவிடும். நான் போய்த் தூக்கிப் பிடிக்க வேண்டும். (ஒரு நாளில் எத்தனை தோகை என்று கேட்காதீர்கள்.)

சரி, நோய்? 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், பிளான்ட்வில்லேஜ் என்ற படத் தொகுப்பின் 54,306 இலைப் படங்களை வைத்துப் பழக்கிய கணினி மாதிரி 99.35 சதவீதம் சரியாகச் சொன்னது. வேறு சூழலில் எடுத்த படங்களைக் காட்டியதும் சுமார் 31 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. தொகுப்பில் இருந்தவை பறித்து, தனியாக வைத்து எடுத்த இலைகள். வயலில் நிழல் ஆடும், பனித்துளி நிற்கும், மகரந்தம் கொட்டும். ஒருநாள் காலையில் ஒரு வரிசை முழுக்க நோய் என்று வந்தது. லென்ஸில் சேறு. துணியால் துடைத்தேன், வரிசையே குணமாகிவிட்டது!

அதனால் நான் ரோபோவிடம் நோயின் பெயரைக் கேட்பதில்லை. போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் எந்த இடம் மாறியிருக்கிறது என்று மட்டும் பார்ப்பேன், அதில் கில்லாடி. ஒருமுறை நான்கைந்து செடிகளை இலைப்புள்ளி நோய் என்று குறித்திருந்தது. போய்க் குருத்தைப் பிரித்தேன். மரத்தூள் மாதிரி எச்சம். அதற்குள் படைப்புழு சுருண்டு கிடந்தது.