அமெரிக்காவில் ஸ்டார்ட்அப் நடத்தப் போகும் வெளிநாட்டுக்காரர் அந்த ஊர்த் தொழில் பழக்கங்களுக்கு எப்படிப் பழகுவது? உச்சரிப்பைக்கூட மாற்றிக்கொள்ள வேண்டுமா?

சென்னையில் டீமை வைத்துக்கொண்டு, அமெரிக்கச் சரக்குக் கிடங்குகளுக்கு மென்பொருள் விற்கிறேன். வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் ஒஹாயோ, இண்டியானா பக்கம். அதனால் நான் சொல்வது எல்லாம் சிலிக்கான் வேலிக்கு அப்படியே பொருந்தாமல் போகலாம்.

முதலில் பழக வேண்டியது அவர்களுடைய பாராட்டுக்கு. டெமோ முடிந்ததும் பிரமாதம் என்பார்கள், எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்பார்கள். பொய் இல்லை, அந்த நிமிடத்தில் மனதாரத்தான் சொல்கிறார்கள். ஆனால் வாங்குகிறேன் என்று யாரும் சொல்லவில்லை. நம் ஊர் மொத்த வியாபாரி ஆயிரம் குறை சொல்லி, முகத்தைச் சுளித்து, கடைசியில் அட்வான்ஸை எடுத்து நீட்டுவார். அங்கே அப்படியே தலைகீழ். அடுத்த கூட்டத்துக்குத் தேதி கொடுத்தாரா, பணம் ஒதுக்கும் அதிகாரம் உள்ளவரைக் கூட்டி வருகிறாரா, தகவல் பாதுகாப்புக் கேள்விப் பட்டியல் அனுப்பினாரா, சாக் 2 அறிக்கை (வாடிக்கையாளர் தகவலைப் பாதுகாப்பாக வைத்திருக்கிறோமா என்று வெளித் தணிக்கையாளர் தரும் அறிக்கை) கேட்டாரா என்று பாருங்கள். இதில் ஒன்றுமே நடக்கவில்லை என்றால் அந்த விற்பனையை உங்கள் கணக்கில் சேர்க்காதீர்கள்.

முதலீட்டாளர்கள் இதில் இன்னும் தேர்ந்தவர்கள். முகத்துக்கு நேரே மறுக்க மாட்டார்கள், தொடர்பில் இருப்போம் என்பார்கள். அடுத்த வருடம் நீங்கள் வளர்ந்துவிட்டால் உள்ளே வர வழி வேண்டுமல்லவா! அப்புறம், ரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால்தான் ஐடியாவைச் சொல்வேன் என்று அவர்களிடம் கேட்காதீர்கள். பெரும்பாலோர் போட மாட்டார்கள். நீங்கள் புதுசு என்று தெரிந்துவிடும், அவ்வளவுதான்.

சரி, பாராட்டை நம்ப முடியாது என்றால் உண்மையை எப்படித் தெரிந்துகொள்வது? கேட்டுவிட வேண்டியதுதான். இந்தக் காலாண்டில் பட்ஜெட் இருக்கிறதா? உங்களைத் தவிர வேறு யார் சம்மதிக்க வேண்டும்? இப்போது எந்த மென்பொருளுக்கு எவ்வளவு கட்டுகிறீர்கள்? நமக்கு இதெல்லாம் கேட்க நாக்கு கூசும். அவர்களுக்கு இது சாதாரணக் கேள்வி, பதிலும் நேராகவே வரும். விலையைச் சொல்லும்போதும் அதே தெளிவு வேண்டும். தொகையைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர்கள் யோசிக்கும் அமைதியைத் தாங்க முடியாமல் நாமே தள்ளுபடி சொல்லிவிடுகிறோம். பக்கத்தில் விற்பவனின் விலையில் கால்வாசி என்றால், இவன் அடுத்த வருடம் இருப்பானா என்ற சந்தேகம்தான் வரும். நம் ஊர் மென்பொருள் கம்பெனி ஜோஹோ குறைந்த விலையில்தானே ஜெயித்தது என்பீர்கள். அவர்கள் 1996-லேயே ஆரம்பித்து, நின்று காட்டிய பிறகு இன்று அந்த விலை யாரையும் பயமுறுத்துவதில்லை. நேற்று முளைத்த கம்பெனிக்கு அந்தச் சலுகை கிடையாது.

ஆள் எடுப்பதில்தான் பெரிய வித்தியாசம். நேர்காணலில் கல்யாணம் ஆகிவிட்டதா, குழந்தை உண்டா, வயது என்ன, எந்த மதம் என்று பேச்சுவாக்கில்கூடக் கேட்கக் கூடாது. வேலை கிடைக்காதவர் பாகுபாடு என்று வழக்குப் போட்டால் அந்தக் கேள்வியே சாட்சியாகிவிடும். 50 முழுநேர ஊழியர்களுக்குக் கீழே இருக்கும் கம்பெனி மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்று மத்திய சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் தராவிட்டால் நல்ல ஆள் வர மாட்டார். நம் ஊர் போல இரண்டு மாதம், மூன்று மாதம் நோட்டீஸ் என்பதும் இல்லை, 2 வாரம் முன்னால் சொன்னால் அதுவே மரியாதை. ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்பில் வேலை அனுப்பும் பழக்கத்தை மீனம்பாக்கத்திலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

விசாவை விளையாட்டாக எடுக்காதீர்கள். பி-1 என்னும் குறுகிய கால வணிகப் பயண விசாவில் போய் வாடிக்கையாளரைச் சந்திக்கலாம், ஒப்பந்தம் பேசலாம், மாநாட்டுக்குப் போகலாம். அங்கேயே உட்கார்ந்து கம்பெனியை நடத்துவதும் அமெரிக்கச் சம்பளம் வாங்குவதும் கூடாது. பல ஸ்டார்ட்அப்கள் பதிவு செய்யும் டெலவர் மாநிலத்தில் கம்பெனி பதிவு செய்திருப்பதால் அங்கே வேலை செய்யும் உரிமை வந்துவிடாது. நிறைய பேர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். காசு செலவானாலும் குடிவரவு வக்கீல் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள்.

நேரம் பற்றி ஒரு சின்ன விஷயம். மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் அங்கே கடிகாரம் மாறும். ஒஹாயோவின் தலைநகரான கொலம்பஸுக்கும் நமக்கும் இடைவெளி குளிர்காலத்தில் பத்தரை மணி நேரம், கோடையில் ஒன்பதரை. காலண்டர் அழைப்பை அவர்கள் நேரத்தில் போட்டுவிட்டால் தொல்லை இல்லை. அரை மணிக் கூட்டம் என்றால் அரை மணியில் முடியுங்கள். ஆரம்பத்தில் இரண்டு நிமிடம் வானிலை, வார இறுதி என்று பேசுவார்கள், அதை வெட்டிப் பேச்சு என்று தாண்டிவிடாதீர்கள். ஒஹாயோக்காரர் என்றால் கல்லூரி அணிகளின் அமெரிக்கக் கால்பந்து (நம் ஊர்க் கால்பந்து அல்ல) பற்றி ஒரு கேள்வி கேளுங்கள், மீதியை அவரே பார்த்துக்கொள்வார்.

உச்சரிப்பை மாற்ற வேண்டாம். அமெரிக்கர் மாதிரிப் பேச முயல்பவரின் பேச்சுதான் அவர்களுக்குப் புரியாமல் போகிறது. வேகத்தைக் குறையுங்கள், எண்களை நிறுத்திச் சொல்லுங்கள், கூட்டம் முடிந்ததும் பேசியதை நாலு வரி மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள்.