காந்தத் துணைப்புயல் எப்படித் தொடங்குகிறது என்று விஞ்ஞானிகள் இன்னுமா கண்டுபிடிக்கவில்லை? அறுபது வருடமாக என்னதான் செய்கிறார்கள்?

கேட்ட விதத்தைப் பார்த்தால் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் போலிருக்கிறது. நான்கு விடையில் ஒன்றை டிக் அடிக்க வேண்டிய இடத்தில் "விவாதத்தில் உள்ளது" என்று போட்டிருந்தால் எரிச்சல் வரத்தான் செய்யும். இதே கேள்வியை என் பெரியப்பா பொங்கலுக்குப் பொங்கல் என்னிடம் கேட்டிருக்கிறார். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பூமியின் காந்தப்புலத்தில் சேர்ந்த ஆற்றல் திடீரென்று வெளிப்படுவதுதான் துணைப்புயல். 1964-ல் அகாசோஃபு என்ற விஞ்ஞானி விவரித்தது அதில் கண்ணுக்குத் தெரிகிற பகுதியை. வடதுருவப் பகுதியில் அமைதியாகக் கிடக்கும் அரோரா (துருவ வானத்து ஒளி) வளைவுகளில் தெற்கு ஓரத்தில் இருப்பது சட்டென்று பிரகாசமாகி, வடக்கே பாய்ந்து பரவும். காரணம் இருப்பது காந்தவாலில், அதாவது பூமியின் காந்தப்புலம் இரவுப் பக்கம் வால் போல நீண்டு கிடக்கும் பகுதியில். சூரியக் காற்றோடு (சூரியனிலிருந்து வீசும் மின்னேற்றத் துகள்கள்) வரும் காந்தப்புலம் தெற்கு நோக்கித் திரும்பினால் வாலில் ஆற்றல் சேரும். ஒரு மணி நேரம் போல இது நடக்கும். வாலின் நடுவே ஓடும் மின்னோட்டத் தகடு மெலிந்துகொண்டே வரும். அப்புறம் திடீரென்று எல்லாம் அவிழ்ந்துவிடும். சண்டையெல்லாம் எது முதலில் அவிழ்கிறது என்பதில்தான்.

பூமியின் ஆரத்தைப் போல 20, 30 மடங்கு தூரத்தில் காந்தக்கோடுகள் அறுந்து மறுபடி இணைவதுதான் (மறுஇணைப்பு) தொடக்கம் என்பது ஒரு கட்சி. இல்லை, 10 மடங்கு தூரத்திலேயே பிளாஸ்மா (மின்னேற்றத் துகள்களாலான வாயு) நிலைகுலைந்து மின்னோட்டம் குலைகிறது, வால்பக்கம் நடப்பது அதன் விளைவு என்பது இன்னொரு கட்சி. முதல் கட்சிக்கு ஒரு சிக்கல் உண்டு. தகட்டைக் கிழிக்க வேண்டிய 'டியரிங்' நிலைகுலைவை எடுத்துக்கொள்ளுங்கள். தகட்டைக் குறுக்கே கடக்கும் மிகச் சிறிய காந்தப்புலம் எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்துக்கொண்டு அதைக் கிளம்பவே விடாது. இரண்டாம் கட்சி சொல்லும், அருகில் நடக்கும் 'பலூனிங்' நிலைகுலைவுக்குச் சாதகமான சாட்சி, வெடிப்புக்குச் சற்று முன் அரோரா வளைவில் மணிமாலை போல வரிசையாகத் தோன்றும் ஒளிப்புள்ளிகள்.

இதைத் தீர்க்கத்தான் 2007-ல் நாசா தெமிஸ் என்று ஐந்து செயற்கைக்கோள்களை அனுப்பியது. 2008 பிப்ரவரி 26 அன்று நடந்த துணைப்புயலில் மறுஇணைப்பு முதலில், ஒன்றரை நிமிடம் கழித்து அரோரா, அதற்கும் பிறகுதான் பூமிக்கு அருகிலான மின்னோட்டக் குலைவு என்று வரிசை கிடைத்தது. வழக்கு முடிந்தது என்று நினைத்தோம். எதிர்க்கட்சி ஒத்துக்கொள்ளவில்லை. லட்சம் கிலோமீட்டருக்கு மேல் நீளும் இடத்தில் ஐந்தே கருவி, எல்லாம் சில நிமிடங்களில் முடிகிறது. பத்தாயிரம் வாலா சரம் எந்த முனையில் பற்றியது என்று அடுத்த தெருவில் நின்று காதால் கண்டுபிடிக்கிற வேலை இது. (பிளாஸ்மா இயற்பியலில் ஊறியவர்கள் அடிக்க வராதீர்கள், பல மாதிரிகளை விட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.)

நான் இதற்குள் வந்தது அரோராவைப் பார்த்து அல்ல, இன்றுவரை பார்த்ததில்லை. ஆராய்ச்சி மாணவனாக, தென்தமிழ்நாட்டில் பதிவான காந்தமானித் தரவுகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அங்கே பூமியின் புலம் ஏறக்குறைய 40,000 நானோடெஸ்லா. துணைப்புயல் தொடங்கும்போது அதில் ஒன்றிரண்டு நானோடெஸ்லா அளவுக்கு ஒரு நடுக்கம் ஓடும். பை-2 என்று பெயர், ஓர் அலைக்கு 40 முதல் 150 நொடி. ஓர் இரவு நம் நேரப்படி நள்ளிரவு தாண்டி அப்படி ஒரு நடுக்கம் இருந்தது. ஸ்காண்டிநேவியக் காந்தமானிகளின் பதிவை இறக்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே நிமிடம் அங்கே கோடு செங்குத்தாக விழுந்திருந்தது. "சார், நம்ம ஊருக்கும் வந்திருக்கு" என்று வழிகாட்டியிடம் ஓடினேன். "எல்லா ஊருக்கும் வரும்பா, மத்தது எங்கே?" என்றார். மற்றதையும் எடுத்தேன். சந்தோஷம் குறையவில்லை.

அறுபது வருடமாக என்ன செய்கிறார்கள் என்கிறீர்கள். மற்றவர்கள் கதை தெரியாது. என் உதவித்தொகை மாதக்கணக்கில் வரவில்லை. வருகைச் சான்றில் முத்திரை பாதி விழுந்திருக்கிறதாம், கோப்பு திரும்பி வந்தது. மறுபடி குத்திக் கொடுத்தால், முத்திரை போடுபவர் லீவு நாளில் தேதி இருக்கிறது என்று இன்னொரு சுற்று. அந்தச் சமயத்தில் அண்ணன் பணம் அனுப்பித்தான் மெஸ் பாக்கி கட்டினேன். இதை எந்த ஆய்வுக் கட்டுரையின் நன்றியுரையிலும் எழுத முடியாது.

சரி, தேர்வில் வந்தால் 'காந்த மறுஇணைப்பு' என்று போட்டுவிட்டு வாருங்கள். மதிப்பெண் கிடைக்கும்.