கத்தி எப்போது இறங்கும் என்று முன்பே சொல்லுங்கள்

கொள்ளையன் ஒருவன் பணயக்கைதியைக் கத்திமுனையில் பிடித்திருக்கும் காட்சியை உங்கள் ஆட்டத்தில் நடத்தியபோது, "ஆட்டக்காரர் ஒருவர் அடியெடுத்து வைத்ததுமே கைதி செத்தான் என்றேன், எல்லோரும் கோபித்துக்கொண்டார்கள்" என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கோபம் நியாயம்தான் நண்பரே. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (மேசையில் பகடை உருட்டிக் கதை நடத்தும் விளையாட்டு) 2014 விதிகளில் இதற்கு, சொன்ன ஒன்று நடந்ததும் செயல்படக் காத்திருக்கும் 'ரெடி' ஆக்‌ஷன் போதும். "யாராவது படியேறினால் குத்துவான்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். குத்தும்போது தாக்குதல் பகடையையும் எல்லோர் கண்முன் உருட்டுங்கள். அந்தக் குத்து, கொள்ளையன் தன் முறை வராதபோதும் செய்யும் பதில்செயல், அதாவது அவனுடைய ரியாக்‌ஷன். விசார்டின் (மந்திரவாதியின்) ஏவல் ஆந்தை பின்னாலிருந்து வந்து, அந்தப் பதில்செயலை முடக்கும் 'ஷாக்கிங் கிராஸ்ப்' மந்திரத்தைக் கொடுத்துவிட்டால் அவனால் குத்தவே முடியாது. எங்கள் மேசையில் அப்படித்தான் ஒரு சிறுமி பிழைத்தாள்.

சாதாரண ஊர்க்காரருக்கு 4 ஹிட் பாயின்ட் (உயிர்ப்புள்ளி)தான், ஒரே குத்தில் விழக்கூடும். ஆகவே கைதிக்கும் டெத் சேவ் (உடனே சாகாமல் பிழைக்கப் பகடை உருட்டும் வாய்ப்பு) கொடுங்கள்; 60 அடியிலிருந்து 'ஹீலிங் வேர்ட்' என்ற குணப்படுத்தும் மந்திரம் போட கிளெரிக்குக்கு (பூசாரிப் பாத்திரத்துக்கு) வாய்ப்பிருக்கும். இன்னொன்று, கைதி செத்தால் கொள்ளையனுக்குக் கேடயம் போச்சு. அதைச் சொல்லி ஆட்டக்காரர்கள் அவனிடம் பேரம் பேச வந்தால் தடுக்காதீர்கள்.