புதிதாகக் கணினி பழகுபவருக்கு ஏற்ற மின்னஞ்சல் மென்பொருள் எது? – கேள்வி பதில்

கேள்வி: என் தந்தைக்கு 67 வயது. இப்போதுதான் மடிக்கணினி வாங்கியிருக்கிறோம். அவருக்கு மின்னஞ்சல் பழக்க எந்த மென்பொருளை நிறுவலாம்?

பதில்: ஒரே ஒரு முகவரியும் தடையில்லாத இணைய இணைப்பும் இருந்தால், தனியாக எதையும் நிறுவத் தேவையில்லை, உலாவியில் திறக்கும் ஜிமெயிலே போதும். ஆனால் அதை உள்ளபடியே அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள். ஒரே தலைப்பில் வந்துபோன அஞ்சல்களை எல்லாம் மடித்து ஒரே வரியாகக் காட்டும் உரையாடல் காட்சி நமக்கு வசதியாக இருக்கலாம். ஒரு கடிதத்துக்கு ஓர் உறை என்று வாழ்நாள் முழுவதும் பழகியவருக்கோ, தாம் எழுதியது எது, மகள் எழுதிய மறுமொழி எது என்று பிரித்தறிய முடியாமல் போகும். அமைப்புகள் பக்கத்தில் அதை நிறுத்திவிடலாம். உள்பெட்டியை விளம்பரம், சமூகம் என்று பிரிக்கும் தாவல்களையும் நீக்கிவிடுங்கள். எதிர்பார்த்திருந்த அஞ்சல் விளம்பரத் தாவலுக்குள் கிடப்பது தெரியாமல், வரவே இல்லை என்று காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அனுப்பியதை ரத்து செய்யும் அவகாசம் தொடக்கத்தில் 5 விநாடிதான் இருக்கும். அதை 30 விநாடியாக உயர்த்துங்கள். தவறினால் மீள வழியுண்டு என்று தெரிந்த பிறகுதான் புதியவரின் கை பயமின்றி விசைகளைத் தொடும். எளிமையான மென்பொருள் என்று நான் சொல்வது இதைத்தான்.

கேள்வி: என் அம்மாவுக்கு இரண்டு முகவரிகள் உள்ளன. எங்கள் ஊரில் இணைய இணைப்பும் அடிக்கடி நின்றுவிடுகிறது. அவருக்கும் உலாவியே போதுமா?

பதில்: போதாது. அவருக்குத் தண்டர்பேர்டை நிறுவுங்கள். 2004ஆம் ஆண்டு 1.0 பதிப்பு வெளிவந்த இந்த மென்பொருள் இலவசமானது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். அஞ்சல்களுக்கு நடுவே விளம்பரம் காட்டாது. பெயரையும் முகவரியையும் கொடுத்தால், பெரும்பாலான சேவைகளுக்குரிய அமைப்புகளைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். ஜிமெயிலாக இருந்தால் கூகுளின் நுழைவுச் சாளரம் ஒருமுறை திறக்கும். இரண்டு முகவரிகளுக்கு வரும் அஞ்சல்களையும் ஒரே சாளரத்தில் பார்க்கலாம். ஏற்கெனவே கணினியில் இறக்கிவைத்தவற்றை இணைப்பு இல்லாதபோதும் படிக்கலாம். எழுத்தின் அளவையும் வரிகளுக்கு இடையிலான இடைவெளியையும் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்பதால், கண்பார்வை மங்கியவர்களுக்கும் இதையே பரிந்துரைக்கிறேன்.

கேள்வி: தண்டர்பேர்டில் கணக்கைச் சேர்க்கும்போது ஐமேப், பாப் என்று இரண்டு வழிகளைக் காட்டுகிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: தயங்காமல் ஐமேப் வழியைத் தேர்ந்தெடுங்கள். இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். பாப் என்பது அஞ்சல் நிலையத்துக்குப் போய்க் கடிதங்களை அள்ளி வீட்டுக்குக் கொண்டுவருவதைப் போன்றது. அஞ்சல் சேவையின் மையக் கணினியான வழங்கியிலும் ஒரு படி இருக்கட்டும் என்று தெரிவிக்காவிட்டால், அங்கே ஒன்றும் மிஞ்சாமல் போகலாம். ஐமேப் வழியில் அஞ்சல்கள் வழங்கியிலேயே இருக்கும். கணினி, கைபேசி இரண்டும் அதே பெட்டியைத்தான் காட்டும். என் அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவர் அவுட்லுக் எக்ஸ்பிரஸ் என்ற பழைய மென்பொருளில் பாப் வழியாகப் பல ஆண்டு அஞ்சல்களைச் சேர்த்துவைத்திருந்தார்; வன்தட்டு பழுதான அன்று, வெளிநாட்டிலிருந்து பேரன் எழுதியவை உட்பட அத்தனையும் போய்விட்டன. அவருக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்றது இன்றும் என் மனத்தை உறுத்துகிறது. ஒன்றை மட்டும் சொல்லிக்கொடுங்கள்: ஐமேப் வழியில் கணினியில் அழித்தால் கைபேசியிலும் அழியும்.

கேள்வி: விண்டோஸுடன் அவுட்லுக் வந்துவிடுகிறதே, அதையே வைத்துக்கொள்ளக் கூடாதா?

பதில்: வைத்துக்கொள்ளலாம், ஆனால் என் முதல் தேர்வு அதுவன்று. விண்டோஸ் 10இல் இருந்த மெயில் செயலிக்கான ஆதரவு 2024 டிசம்பர் 31ஆம் நாளோடு முடிந்து, அதனிடத்தில் வந்ததுதான் புதிய அவுட்லுக். மைக்ரோசாஃப்ட் 365 சந்தா செலுத்தாதவர்களுக்கு அஞ்சல் பட்டியலிலேயே விளம்பரங்கள் தோன்றுகின்றன. எது அஞ்சல், எது விளம்பரம் என்று பழகாத கண்ணுக்குத் தெரிவதில்லை. மேலும், அதில் ஜிமெயில் கணக்கைச் சேர்த்தால் அஞ்சல்களின் படிகள் மைக்ரோசாஃப்ட் மேகத்துக்கும், அதாவது இணையத்தில் உள்ள அதன் சேமிப்பகத்துக்கும், செல்லும். இதைத் தெரிந்து சம்மதித்த பிறகே சேர்க்க வேண்டும்.

கேள்வி: பட்டிகளும் பொத்தான்களும் தமிழில் வேண்டும். முடியுமா?

பதில்: ஜிமெயிலில் முடியும். தொலைபேசியில் உங்களை வழிநடத்துபவரின் திரையிலும் தமிழையே வைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் அவர் சொல்லும் பொத்தானின் பெயர் உங்கள் திரையில் இருக்காது.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. கைபேசியில் ஓர் அஞ்சலை விரலால் தள்ளிவிட்டேன், மறைந்துவிட்டது. அழிந்துவிட்டதா?

பதில்: அழியவில்லை அம்மா, அஞ்ச வேண்டாம். ஜிமெயில் செயலியில் பக்கவாட்டில் தள்ளினால் பெரும்பாலும் அது காப்பகத்துக்குப் போகும். எல்லா அஞ்சல்களும் என்ற பகுதியைத் திறந்தால் அங்கே இருக்கும். அங்கிருந்து உள்பெட்டிக்கு நகர்த்தலாம். ஒருவேளை குப்பைக்குப் போயிருந்தாலும், 30 நாட்களுக்குள் மீட்டுக்கொள்ளலாம். பிறகு செயலியின் அமைப்புகளில் இந்தத் தள்ளும் வசதியை நிறுத்திவிடுங்கள்.